கருவியை ஆள்வோர் கருவியை அறிய வேண்டாமா?

கார்த்திகைத் தீபத் திருநாளன்று மாலை ஆறு மணியளவில் அண்ணாமலையின் உச்சியில், 2,668 அடி உயரத்தில், மகா தீபம் ஏற்றப்படுவதை யாவரும் அறிவர். தாமிரக் கொப்பரையை ஆட்கள் தோளில் சுமந்து மலையேற்றுகின்றனர். மூவாயிரம் கிலோவுக்கு மேற்பட்ட நெய்யும், ஆயிரம் மீட்டர் அளவிலான காடாத் துணித் திரியும் அவ்வாறே மேலே செல்கின்றன. மலையுச்சியின் காற்றிலும் பனியிலும் அத்தீபம் பதினொரு நாட்கள் காட்சி தருகின்றது. குளிரில் உறையும் நெய் திரியில் ஏறுவது எங்ஙனம், திரி எவ்வளவு தடிப்பாக இருந்தால் காற்றில் அணையாது, கற்பூரத்தை எங்கே இட்டால் முதற்சுடர் பற்றும் என்பனவற்றை, பரம்பரையாக இப்பணியைச் செய்துவரும் பர்வதராஜ குலத்தினர் அறிவர். புத்தகம் பார்த்து அறிந்ததன்று; பெரியவர்களுடன் மலையேறி, கண்டு, கைதொட்டு அறிந்தது.

அதே மாலையில் மலையடிவாரத்தில் லட்சக்கணக்கான கைகள் கைபேசியை உயர்த்திப் படமெடுக்கின்றன. அக்கைகளில் பெரும்பாலானவை இளைஞர்களுடையவை. அவர்களுள் பலர் பட்டம் பெற்றவர்கள். ஆயினும் தங்கள் வீட்டு மின்விளக்கு எரிவது எங்ஙனம், தெருக்குழாயில் தண்ணீர் வருவது எங்ஙனம், தந்தையாரின் கிணற்று மோட்டார் ஓடுவது எங்ஙனம் என்று கேட்டால் விடை கூறுவோர் மிகச் சிலரே. பொத்தானை அழுத்தினால் ஓடும். ஓடாவிடில் ஆளைக் கூப்பிட வேண்டும். இவ்வளவே அவர்கள் அறிந்தது. கிராம வாழ்வில் இதனால் விளையும் நஷ்டமும் ஆபத்தும் சிறியவை அல்ல. ஆகவே இத்திங்கள் இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

ஒரு குடம் தண்ணீர்

சென்ற கோடையில் செங்கம் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூருக்கு நாம் சென்றிருந்தோம். விவசாயி ஒருவரின் திறந்த கிணற்றில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் மட்டும் ஏறவில்லை. கத்தரிச் செடிகள் துவண்டு இரண்டு நாட்களாகிவிட்டன. அவருடைய மகன் படித்தவர். நகரத்திலிருந்து மெக்கானிக்கைத் தொலைபேசியில் அழைத்திருந்தார். மூன்றாம் நாள் வந்த மெக்கானிக், கிணற்றில் தொங்கிய உறிஞ்சு குழாயைத் தூக்கி, அதன் அடியில் இருந்த ஃபுட் வால்வில் சிக்கியிருந்த வேப்பிலைச் சருகுகளை எடுத்தெறிந்தார். பிறகு, "ஐயா, ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள்" என்றார். பம்பின் வாயில் அதனை ஊற்றி மூடிவிட்டு மோட்டாரைப் போட்டார். தண்ணீர் கொட்டியது. கூலியையும் பேருந்துச் செலவையும் பெற்றுக்கொண்டு அவர் சென்றுவிட்டார். அவர் மீது குறையொன்றும் இல்லை. மூன்று நாள் நீரின்றி வாடிய செடிகளின் நஷ்டமே பெரிது.

அந்த ஒரு குடம் தண்ணீரின் பொருளைச் சிந்திப்போம். பம்பு தண்ணீரை 'இழுக்கின்றது' என்று நாம் சொல்லுகிறோம். உண்மையில் அது இழுப்பதில்லை. பம்பினுள் சுழலும் விசிறி, உள்ளிருக்கும் நீரை வெளியே வீசுகின்றது. வீசிய இடத்தில் அழுத்தம் குறைகின்றது. கிணற்று நீரின் மேல் வளிமண்டலம் எப்பொழுதும் அழுத்திக்கொண்டிருப்பதால், அது நீரைக் குழாய் வழியே மேலே தள்ளிவிடுகின்றது. பம்பினுள் நீருக்குப் பதிலாகக் காற்று இருந்தால், காற்று மிக இலேசானது ஆகையால், விசிறி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் போதிய அளவு அழுத்தம் குறையாது. அதனால்தான் முதலில் நீரூற்றி நிரப்ப வேண்டியுள்ளது. ஊற்றிய நீர் மீண்டும் கிணற்றிலே விழாமல் தடுப்பது ஃபுட் வால்வு. அதன் வாயில் ஒரு சருகு சிக்கினால் கதவு முழுதும் மூடாது, நீர் நழுவிவிடும், மறுநாள் பம்பு வெறும் காற்றையே கடையும்.

மற்றொன்றும் இதிலிருந்து விளங்கும். வளிமண்டலம் நீரைத் தள்ளக்கூடிய உயரம் அதிகபட்சம் சுமார் 34 அடி. குழாயின் உராய்வு, இணைப்புகளின் கசிவு முதலியவை போக, நடைமுறையில் 20 அல்லது 25 அடிக்குள் இருப்பதே நலம். நம் மாவட்டத்துப் பெரிய கல் கிணறுகளில் பாதி ஆழத்தில் மேடை அமைத்து மோட்டாரை வைத்திருப்பதைக் காணலாம். கோடையில் நீர் இறங்க இறங்க மோட்டாரையும் இறக்குவார்கள். இடவசதிக்காக அங்கே வைக்கவில்லை. இந்த 34 அடிக் கணக்குத்தான் அவ்வாறு செய்வித்தது. அதிகக் குதிரைத் திறனுள்ள மோட்டாரை வாங்கி மேலேயே வைத்துவிட்டால் ஆழத்து நீர் வந்துவிடும் என்று எண்ணிப் பணத்தை இழந்தவர்களும் உண்டு.

கண்ணுக்கு எட்டாமற் போன யந்திரம்

இளைஞர்களைக் குறை கூறுவது எளிது. நாம் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. கவலை இறைத்த காலத்தில், சால், தோல் தும்பி, வடக்கயிறு, வால்கயிறு, உருளை ஆகிய எல்லாம் கண்ணெதிரே இயங்கின. மாட்டை ஓட்டும் சிறுவன் பத்து வயதிற்குள் அவற்றின் இயல்பை முற்றும் அறிந்துகொண்டான். தும்பி கிழிந்தால் எங்கே தைப்பது, உருளை கிறீச்சிட்டால் என்ன தடவுவது என்பதை யாரும் உட்கார வைத்துப் பாடம் சொல்லவில்லை. பிறகு எண்ணெய் என்ஜின் வந்தது, மின்மோட்டார் வந்தது. அவையும் கிணற்று மேட்டில் நின்றமையால் பார்த்து அறிய முடிந்தது. பிறகு நீர்மட்டம் இறங்கியது. ஆழ்துளைக் கிணறு வந்தது. நீர்மூழ்கி மோட்டார் பல நூறு அடி ஆழத்தில் பூமிக்குள் சென்று மறைந்தது. மேலே எஞ்சியிருப்பது ஒரு குழாயும், சுவரில் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டியுமே. எதைப் பார்த்துப் பிள்ளைகள் கற்பார்கள்?

வீட்டிலும் இதே கதைதான். வால்வு ரேடியோவின் பின்மூடியைக் கழற்றினால் உள்ளே ஒளிரும் குமிழ்களைக் காணலாம். பழுதான குமிழை மாற்றவும் செய்யலாம். இன்றைய கைபேசி ஒட்டி மூடப்பட்டது. அதைத் திறந்தாலும் கண்ணுக்குப் புலப்படுவது ஒன்றுமில்லை. 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய அரசுத் திட்டத்தின்கீழ் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவை ஏழை எளியோர் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன. தாய்மார்களின் கைவலி பெரிதும் குறைந்தது. இது சிறிய நன்மையன்று. ஆனால் மிக்சி நின்றுபோனால் அதன் அடியில் ஒரு சிறு சிவப்புப் பொத்தான் இருப்பதையும், மிகுந்த சுமையால் மோட்டார் சூடேறியபோது அது தானே துண்டித்துக்கொண்டு காப்பாற்றுகின்றது என்பதையும், ஆறியபின் அதனை அழுத்தினால் மீண்டும் ஓடும் என்பதையும் அறியாமல், நல்ல மிக்சியைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்ட வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம்.

மற்றொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லச் சற்றுத் தயக்கமாகவே இருக்கின்றது. "நீ படிக்கிற பிள்ளை, உனக்கு எதற்கு இந்த வேலை? தள்ளிப் போ" என்று மகனைக் கிணற்று மேட்டிலிருந்து விரட்டியவர்கள் நாமே. பெண் பிள்ளைகளையோ அருகிலேயே அனுமதித்ததில்லை. ஸ்குரூ திருகியைக் கையில் எடுப்பது படித்தவனுக்கு இழுக்கு என்ற எண்ணத்தை ஊட்டிவிட்டு, பிறகு அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அங்கலாய்ப்பதில் நியாயமில்லை.

கோயமுத்தூரில் ஜி.டி. நாயுடு அவர்கள் (1893-1974) உயர்கல்வி கற்றவர் அல்லர். இளமையில் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசை கொண்டு, உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து அதனை வாங்கினார். வாங்கியதும் ஊர்சுற்றப் புறப்படவில்லை. அதனை அக்கக்காகப் பிரித்து, மீண்டும் பூட்டிப் பார்த்தார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டித் தொழில் தொடங்கினார். 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களுடன் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்தவர் என்று அவர் போற்றப்படுகின்றார். இன்று நம் கிணறுகளில் ஓடும் பம்புகளில் பல கோவையிலிருந்து வருபவை. அத்தொழில் அங்கே வேரூன்றியது பிரித்துப் பார்க்க அஞ்சாத கைகளால்தான். பிரித்ததைப் பூட்டத் தெரியாமல் அப்பாவிடம் அடிவாங்கிய சிறுவர்களும் அக்காலத்தில் அங்கே பலர் இருந்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

மும்முனை மின்சாரமும் மூன்று உயிர்நாடிகளும்

நம் விவசாயிகள் அதிகமாகப் பணம் இழப்பது காயில் கருகுவதில்தான். ஆகவே இதனை இளைஞர்கள் கட்டாயம் விளங்கிக்கொள்ள வேண்டும். மும்முனை மின்சாரம் என்பது மூன்று கம்பிகளில் ஒன்றன்பின் ஒன்றாக முறை வைத்து வரும் மின்னோட்டம். மூன்று பேர் முறை வைத்துச் செக்கைத் தள்ளுவது போன்றது. மூன்றும் சமமாகத் தள்ளும்வரை மோட்டார் சீராகச் சுழலும். கம்பி அறுந்தோ, பியூஸ் போயோ ஒரு முனை நின்றுவிட்டால், சுமை எஞ்சிய இரண்டின் மேல் விழுகின்றது. மோட்டார் உறுமும்; மின்னோட்டம் மிகும்; சிறிது நேரத்தில் காயில் கருகும். இதைத் தடுக்கவே ஸ்டார்ட்டரில் ரிலே வைக்கப்பட்டுள்ளது. மின்னோட்டம் அளவுக்கு மிஞ்சினால் அது சுவிட்சை விடுவித்துவிடும். ஆனால் "அடிக்கடி டிரிப் ஆகிறது, தொல்லை" என்று ரிலேயின் அளவை உயர்த்தி வைப்பவரும், குச்சியைச் செருகிக் கட்டி வைப்பவரும் இருக்கின்றார்கள். நாய் குரைக்கிறதென்று அதன் வாயைக் கட்டிவிட்டுத் தூங்குவதற்கு இது சமம்.

பியூஸ் கம்பியும் இத்தகையதே. அது மெல்லியதாக இருப்பது உருகுவதற்காக. ஒருமுறை உருகியதும் கையில் கிடைத்த தடித்த செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டால், அடுத்த முறை உருகுவது வீட்டின் ஒயராக இருக்கும். அல்லது மோட்டாராக இருக்கும். நில இணைப்பு எனப்படும் 'எர்த்' குழியில் உப்பும் கரியும் இட்டிருப்பது ஈரத்தைப் பிடித்துவைக்க. கோடையில் அக்குழி காய்ந்துவிட்டால் நில இணைப்பு இருந்தும் இல்லாதது போலாகும். வாரம் ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவது எட்டு வயதுக் குழந்தைக்கும் இயலும். ஏன் ஊற்றுகிறோம் என்பதைச் சேர்த்துச் சொல்லிவிட்டால், அக்குழந்தை மின்சாரத்தின் பாதி பாடத்தை அங்கேயே கற்றுவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அறிந்துகொள்வது வேறு, கைவைப்பது வேறு. மின்மாற்றிக் கம்பத்தில் ஏறுவது மின்வாரியப் பணியாளர் அல்லாத எவருக்கும் உரியதன்று. காட்டுப்பன்றியைத் தடுக்க வேலியில் மின்சாரம் பாய்ச்சுவது சட்டப்படி குற்றம். அதனால் தமிழ்நாட்டில் மனிதரும் யானைகளும் மாண்டிருக்கின்றனர். மின்சாரம் ஈரத்திலும் மனித உடலிலும் எவ்வாறு பாய்கின்றது என்பதை உணர்ந்தவன் அக்காரியத்தைச் செய்யத் துணியமாட்டான். பாதி அறிவு தரும் துணிச்சலே அங்கு உயிர் குடிக்கின்றது.

கைபேசியிலிருந்தே மோட்டாரை இயக்கும் கருவி இப்பொழுது பரவி வருகின்றது. வேளாண்மைப் பொறியியல் துறையும் இதற்கு மானியம் அளித்திருக்கின்றது. இரவில் பாம்பு பூச்சிகளுக்கு அஞ்சி வரப்பில் நடக்க வேண்டியதில்லை, நல்ல வசதிதான். ஆனால் தகப்பனார் கிணற்றில் இறங்கிக் குழாயின் இணைப்பை இறுக்கிக்கொண்டிருக்கையில், திருவண்ணாமலைக் கடைத்தெருவில் நிற்கும் மகன், மின்சாரம் வந்த செய்தியைக் கண்டு பொத்தானை அழுத்தினால் என்னவாகும்? பழைய மெக்கானிக்குகள் கிணற்றில் இறங்குமுன் மூன்று பியூஸ் கட்டைகளையும் கழற்றித் தம் மடியில் கட்டிக்கொள்வார்கள். அவை மடியில் இருக்கும்வரை உலகில் எவராலும் அந்த மோட்டாரை ஓட்ட முடியாது. கருவி எவ்வளவு புதியதாயினும் இப்பழக்கம் பழையதாகிவிடவில்லை. மெயின் சுவிட்சை இறக்கி, கட்டைகளை எடுத்துக்கொண்ட பிறகே எவரும் கிணற்றில் இறங்க வேண்டும் என்பதை வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் சொல்லி வையுங்கள்.

மின்கட்டணம் பற்றியும் ஒரு சொல். 1990 முதல் தமிழ்நாட்டு விவசாயிகளுக்குப் பம்பு மின்சாரம் இலவசம். கட்டணம் இல்லாததால் கணக்கும் மறந்துபோயிற்று. ஒரு குதிரைத் திறன் என்பது 746 வாட். ஐந்து குதிரைத் திறன் மோட்டார் ஆறு மணி நேரம் ஓடினால் 22 யூனிட்டுக்கு மேல் செலவாகும். நம் வீட்டுக்கு எத்தனை நாளுக்கு அது போதும் என்று பிள்ளைகளைக் கணக்கிடச் சொல்லிப் பாருங்கள். விடையைக் கண்டு பெரியவர்களும் வியப்பார்கள்.

செய்தி வந்தது, பொருள் வந்ததா?

2024 நவம்பர் 30-இல் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலை நம் மாவட்டம் எளிதில் மறவாது. டிசம்பர் 1-இல் பெய்த பெருமழையில் அண்ணாமலைச் சரிவில் மண்சரிந்து ஏழு பேர் மாண்டனர். அடுத்த நாள் அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் நொடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. இந்த எண் எல்லோருடைய கைபேசிக்கும் வந்து சேர்ந்தது. இளைஞர்கள் அதனைப் பலருக்கும் அனுப்பினார்கள். ஆனால் ஒரு கன அடி என்றால் எவ்வளவு என்று அவர்களுள் எத்தனை பேர் அறிந்திருந்தனர்?

ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டர். அப்படியாயின் 1,68,000 கன அடி என்பது நொடிக்கு 47 லட்சம் லிட்டருக்கு மேல். நம் பஞ்சாயத்தின் மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர் என்று கொண்டால், ஒவ்வொரு நொடியும் 158 தொட்டிகள் கவிழ்வதற்கு ஒப்பாகும். 1958-இல் கட்டிமுடிக்கப்பட்ட சாத்தனூர் அணையின் முழுக் கொள்ளளவு 732 கோடி கன அடி. வரத்து சிறிதும் இல்லாமல் அதே வேகத்தில் திறந்துவிட்டால், நிறைந்த அணையே பன்னிரண்டு மணி நேரத்தில் வற்றிவிடும். இவ்வளவும் ஏழாம் வகுப்புப் பெருக்கலும் வகுத்தலுமே. இதனை அறிந்த ஓர் இளைஞன் ஆற்றங்கரைத் தெருவில் இருந்தால், அந்தச் செய்தியைக் கண்டதும் அனுப்பிக்கொண்டிராமல் மாட்டை அவிழ்த்துவிட்டிருப்பான்.

ஏரியும் ஒரு கருவியே என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். ஊரின் மிகப் பெரிய யந்திரம் அதுதான். வரத்துக் கால்வாய் அதன் வாய். மதகு அதன் குழாய். கோடி, அதாவது கலங்கல், அதன் ரிலே. கொள்ளளவுக்கு மிஞ்சிய நீரைக் கரை உடையாமல் வெளியேற்றுவது கலங்கலின் வேலை. அதன் மேல் மணல் மூட்டை அடுக்கி நீரைக் கூடுதலாகத் தேக்குவது, முன்னே சொன்ன ரிலேயில் குச்சி செருகுவது போன்றதே. ஒரு ஏரியின் கோடி நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். ஆகையால் ஒரு கரை உடைந்தால் கீழுள்ள ஏரிகளுக்கும் ஆபத்து. எந்த மடை எந்த வயலுக்கு, எந்தக் கால்வாய் எங்கே தூர்ந்துள்ளது என்பதை அறிந்த நீர்பாய்ச்சிகள் இன்று பல ஊர்களில் முதியவர்களாகிவிட்டனர். அவர்களுடன் ஓர் இளைஞனை ஒரு மழைக்காலம் முழுதும் நடக்கவிடுவது, பஞ்சாயத்துக்குச் செலவில்லாத பயிற்சி.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

பெரிய கட்டடமோ பெரும் நிதியோ இதற்குத் தேவையில்லை. பஞ்சாயத்துக் குடிநீர் மோட்டார் அறையே நல்ல பள்ளிக்கூடம். தொட்டி இயக்குபவர் நாள்தோறும் செய்யும் வேலையை மாதம் ஒருமுறை பிள்ளைகளை அழைத்துக் காட்டட்டும். நீர் எங்கிருந்து எவ்வளவு உயரம் ஏறுகின்றது, எந்த வால்வு எந்தத் தெருவுக்கு, பிளீச்சிங் பவுடரைக் கலந்து அரைமணி நேரம் பொறுத்திருப்பது ஏன் என்பனவற்றை அவர்கள் கேட்கட்டும். கடைசித் தெருக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். பரிசோதனைத் துளியை நீரில் விட்டால் மஞ்சள் நிறம் தோன்றுகின்றதா என்பதைப் பள்ளி மாணவியே பார்த்துச் சொல்லலாம். மூடாமல் வைத்த பவுடர் காற்றிலும் ஈரத்திலும் வீரியம் இழந்துவிடும் என்பதும் அப்பொழுது தானே வெளிப்படும். சில பஞ்சாயத்துகளுக்கு இது சங்கடமாகவும் இருக்கலாம். இருக்கட்டும்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2022 நவம்பரில் 'வானவில் மன்றம்' தொடங்கப்பட்டது. சிறு கருவிகளைக் கொண்டு கையால் செய்து கற்கும் திட்டம் அது. பள்ளித் தலைமையாசிரியருடன் பேசி, அந்த மன்றத்தின் ஒரு நாளை ஊர்க் கிணற்றிலும் ஏரி மதகிலும் நடத்த முடியுமா என்று கேளுங்கள். அடுப்படியையும் விட்டுவிட வேண்டாம். எரிவாயு உருளையின் கழுத்துப் பட்டையில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கங்களும் இருக்கும். ஏ என்பது ஜனவரி முதல் மார்ச் வரை, பி, சி, டி என்பன அடுத்த மும்மூன்று மாதங்கள், இலக்கம் ஆண்டு. அந்தக் காலாண்டிற்குள் உருளையை மறுசோதனை செய்தாக வேண்டும் என்பது பொருள். காலம் கடந்த உருளை வந்தால் திருப்பி அனுப்பலாம். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவும். எனவே மணம் வந்தால் சுவிட்சைத் தொடாமல், கதவு சன்னல்களைத் திறந்து, தரையோரக் காற்று வெளியேற வழி செய்ய வேண்டும். வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்ல கால்மணி நேரம் போதும்.

கிராம சபை இப்பொழுது ஆண்டில் ஆறு முறை கூடுகின்றது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்று வரவு செலவு வாசித்து முடிந்தபின் அரைமணி நேரத்தை இதற்கென ஒதுக்கலாம். காயில் கருகிய மோட்டார் ஒன்று, ஓடாத பம்பு ஒன்று, பழைய ஃபுட் வால்வு ஒன்று ஆகியவற்றை மேசைமேல் வையுங்கள். ஊரில் காயில் கட்டத் தெரிந்தவரோ, தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்ற இளைஞரோ அவற்றைப் பிரித்துக் காட்டட்டும். சிறுவர் சிறுமியர் கைதொட்டுப் பார்க்கட்டும். கருகிய காயிலின் நாற்றமே ஒரு பாடம். ஆகையால் பழுதான மோட்டார் உங்களிடம் இருந்தால், பழைய இரும்புக் கடைக்காரர் எவ்வளவு விலை கூறினாலும், அடுத்த கிராம சபை வரை அதனை விற்றுவிடாதீர்கள்.